காணாமல் போன ஒரு சாண் தோல்

குமரேசா, கிடைத்துவிட்டது. நாம் அவ்வளவு தேடினோமே, அந்த ஒரு சாண் தோல் பட்டை கிடைத்துவிட்டது. உன்னிடம் சொல்ல முடியாமல், கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேரிடம் சொல்கிறேன்.

உங்களுக்கு அவனைத் தெரியாது. குமரேசன் என் தம்பி, மூன்று வயது சின்னவன். வண்டி சீட்டுக்குக் கவர் தைக்கும் இந்தக் கடையைப் பதினோரு வருடம் நாங்கள் இரண்டு பேரும்தான் நடத்தினோம். வெட்டுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவன் வேலை. தைப்பது என் வேலை. நான்கு மாதம் முன்பு பஸ் சீட் கவர்களை பைக்கில் கட்டிக்கொண்டு வாலாஜாபாத் போனவன் திரும்பி வரவில்லை. லாரி மோதிவிட்டது. அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மெஷின் ஓட்ட ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள், அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. வேலை முடிந்து வண்டி வெளியே போகும்வரை வேஸ்ட் மூட்டையை ஏன் வெளியே அனுப்பக் கூடாது, ஓனர் வாயால் கேட்காமல் ஏன் ஒரு தையலைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் இல்லையா, அதற்குத்தான் இது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் தப்பு இருக்கும். சொல்வதில் தப்பு இருக்காது.

இரண்டு வருடம் இருக்கும். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில். அதன் ஓனர் இறந்த பிறகு மகள் ராஜேஸ்வரி மேடம்தான் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில் குடோனில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் இருந்தது. இத்தாலியில் செய்தது. மெட்ராஸில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மேடத்தின் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனாராம். நம் இடுப்பு உயரம்கூட இருக்காது. இரண்டே சீட். பின்னால் சீட் கிடையாது, டிக்கியும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர், சின்னக் கண்ணாடி, அதற்குப் பின்னால் நேராக இன்ஜின். தலை சாய்க்கும் குட்டித் தலையணைகூட சீட்டில் இல்லாமல் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. உட்காருகிறவர் முதுகில் இன்ஜின் சூடு அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சீட்டின் பின்பக்கத் தோல் மட்டும் அப்பளம் போல் காய்ந்திருந்தது.

மில்லில் பாய்லர் போய்விட்டது. இந்தக் காரை விற்றுத்தான் புது பாய்லர் வைக்க வேண்டும் என்பது மேடத்தின் கணக்கு. பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார். அவர் சார்பில் வண்டியைப் பார்த்து மதிப்புப் போட சென்னையிலிருந்து ஒருவர் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் குமரேசன் மில்லுக்குப் போய் இரண்டு சீட்டையும் கழற்றி, சாக்கு சுற்றி, மில் வேனில் அனுப்பிவிட்டு எனக்கு போன் செய்தான்.

"அக்கா, ரெண்டு சீட்டு வருது. மெதுவா எறக்கு. வேலைய தொடங்கிடலாம். நான் இங்க சுவத்துல இருக்கற தலகாணிய பாத்துட்டு வந்துடறேன்."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். அதற்குள் புது வேலையில் ஒரு தையலாவது பிரித்துவிட வேண்டும். பிரித்துவிட்டால் வேலை ராகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, அப்புறம் நிற்காமல் செய்யலாம். சீட் வந்து இறங்கியபோது மணி பத்து பத்து. நான் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

ஒரு தையலோடு விட்டிருக்கலாம். கை விடவில்லை. நம் கடைக்கு வரும் சீட்டெல்லாம் புதுக் கவர் போட வருபவைதானே. ஓரத்தில் ஓடும் மெல்லிய தோல் பட்டையை, பைப்பிங் என்போமே, அதை அறுத்து இழுத்தேன். கவரை ஏழு துண்டாகப் பிரித்து, அளவுக்கு ஆகும் என்று பலகைக்கு அடியில் தட்டையாக வைத்தேன். உள்ளே இருந்த பழைய முடித் திணிப்பையும் பைப்பிங்கையும் வேஸ்ட் மூட்டையில் அமுக்கினேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெத்தைக்கடை பாய் ஆள் அனுப்பி மூட்டையை எடுத்துக்கொள்வார். அன்றைக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினொன்றரைக்குக் குமரேசன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"ராகு காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்டா. ஒண்ணு பிரிச்சாச்சு."

"யாரு பிரிக்க சொன்னது?"

"நீதான வேலைய தொடங்கிடலாம்னு சொன்னே?"

"தொடைக்கற வேலைதான்க்கா. இன்னொரு சீட்டுல ஒரே ஒரு கிழிசல் இருக்குது, அத்த ஒட்டணும். அவ்ளோதான் வேலையே."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எலும்புக்கூடாக நின்ற சீட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"புதுத் தோலு வாங்கி ரெண்டுத்தையும் ஜம்முனு போட்டுக் குடுத்துடலாம்டா. நம்ம செலவுலயே."

"உனக்குப் புரியல. இந்த வண்டிக்கு ஓடறதுக்கா விலை? மாறாம இருக்குது பாரு, அதுக்குத்தான் விலை. ஃபேக்டரில தச்ச சீட்டு, இத்தினி வருசமா ஒருத்தரும் பிரிக்கல. ஜம்முனு புதுசு போட்டா கண்ணுக்கு நல்லா இருக்கும், விலையில பெரிய துண்டு விழுந்துடும். காருக்கே ரெண்டு சீட்டு. அதுல ஒண்ண நீ முடிச்சுட்டே."

"அப்ப இன்னா பண்றது?"

"மூட்டை எங்கே?"

மூட்டைதான் பதினோரு மணிக்கே போய்விட்டதே. காலியாக இருந்த மூலையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். உடனே பைக்கை எடுத்தான், நான் பின்னால் ஏறினேன்.

ஒலிமுகமதுபேட்டையில் பாயின் கடை. நாங்கள் போனபோது எங்கள் மூட்டையை அவிழ்த்து, பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டி, பாதியைக் கலந்துவிட்டிருந்தார்கள்.

"பாய், கை வைக்காதீங்க" என்றான் குமரேசன்.

"அரே, குடுத்தது ஒரு மூட்டை. இப்ப வந்து ஒவ்வொரு முடியா திருப்பிக் கேக்கறியா?"

"ஆமா பாய். ஒவ்வொரு முடியாத்தான் வேணும்."

பாய் ஒரு பிடியை எடுத்து மோந்து பார்த்தார். "இது தேங்கா நாரும் இல்ல, பஞ்சும் இல்ல. குதிர முடி. எங்க புடிச்சே குதிரைய?"

"இத்தாலில."

"அதான் நாத்தமே வேற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களை எல்லாம் கூப்பிட்டார். தொழுகைக்குப் போகும் நேரம். போகும் முன் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து குதிரை முடியைத் தனியாக, தோல் பட்டையைத் தனியாகப் பொறுக்கினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவர்கள் போன பிறகும் நாங்கள் இரண்டு பேர் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

கடைக்கு வந்து பைப்பிங் துண்டுகளைச் சீட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லாம் சேர்ந்தது. வலது மேல் மூலையில் மட்டும் ஒரு சாண் அளவு இடைவெளி. குமரேசன் திரும்பவும் பாய் கடைக்குப் போய்வந்தான். இல்லை. "பாய் ஆளுங்கதான் எங்கயோ போட்டுட்டாங்க" என்று நான் சொன்னேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் என்ன செய்வது என்பதில்தான் கடை நிலைக்கப்போகிறதா இல்லையா என்பது இருந்தது. மெஷினில் வைத்தால் புது ஓட்டை விழும். புது ஓட்டை விழுந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரியும். பழைய ஓட்டையிலேயே, ஒன்றுகூட விடாமல், கையால் தைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தறிக்குப் பாவு பிணைப்பார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்குவது. ஒரு இழை தவறினால் கடைசியில் ஒன்று அநாதையாக நிற்கும். சின்ன வயதில் அதைச் செய்த கை எனக்கு. வளைந்த ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ந்த தோல் உடையாமல் இருக்கக் குமரேசன் உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தான். வெளிச்சம் போகும்வரை தைத்தோம். சனிக்கிழமை ஆறு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம்.

பத்தரைக்கு முதுகுத் துண்டு முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு பக்கம் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. எங்கேயோ ஒன்றை விட்டிருக்கிறேன். தோல் லேசாகச் சுருங்கி நின்றது. கடைசித் தையலை இரண்டாகப் போட்டு மறைத்துவிடலாம். நான் குமரேசனைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாடா, சொல்லேன்."

"உட்காந்து தச்சது நீ. நீயே சொல்லு."

கத்திரியை எடுத்து இரண்டு மணி நேர வேலையை அறுத்தேன். இரண்டாவது முறை முக்கால் மணி நேரத்தில் தைத்தேன். விரலில் ரத்தம் வந்தது. தோலில் படக்கூடாது என்று அவன் தன் சட்டையைக் கிழித்துச் சுற்றிவிட்டான். "ஏழு துண்டு தோலு பத்தாதுன்னு இப்ப என் சட்டையும் போச்சு" என்றான். அந்த இரண்டு நாளில் அவன் சொன்ன ஒரே கிண்டல் அதுதான்.

காணாமல் போன ஒரு சாணுக்கு, சீட்டின் அடியில் யாருக்கும் தெரியாமல் மடங்கியிருக்கும் தோலிலிருந்து ஒரு பட்டை எடுத்தோம். அதே தோல், அதே வயது. ஆனால் வெளிச்சம் படாமல், கை படாமல் இருந்ததால் அது மட்டும் பளிச்சென்று இருந்தது. குமரேசன் "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேனைக் கூப்பிட வெளியே போனான். அவன் போன நேரத்தில் நான் அழுக்குத் துணியை எடுத்து அந்தப் பட்டையில் தேய்த்தேன். நாலு தேய்ப்பில் பக்கத்துத் தோலோடு ஒன்றாகிவிட்டது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

வேனில் போகும்போது அவன் சொன்னான், "கேட்டா பிரிச்சோம்னு சொல்லிடலாம்க்கா."

"கேக்கலன்னா?"

"அப்பவும் சொல்லணும்."

"உனக்கு இன்னா பைத்தியமா? ஒரு ஓட்ட விடாம தச்சிருக்கேன். யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுதான். அதான் சொல்லணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு சீட்டையும் காரில் பூட்டி முடித்தோம், மூன்று மணிக்கு அந்த மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான மனிதர், பேசவே மாட்டார். ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில், இன்ஜின் பக்கத்தில், கதவுக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் சீட்டுக்கு வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துத் தையல் ஓரமாகவே நகர்ந்தார். வலது மேல் மூலையில் கண்ணாடி நின்றது. பிறகு நகர்ந்தது.

"ரெண்டும் ஒரிஜினல் சீட்டு. பிரிக்கவே இல்ல. இந்த வயசு வண்டியில இப்படிக் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம் மேடம்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

மேடம் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் குமரேசனின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"சார், எழுதாதீங்க. இந்த சீட்ட நாங்க பிரிச்சோம்."

"நாங்க" என்றான். என்னைக் காட்டவில்லை.

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். "எப்போ?"

"நேத்து. தெரியாம பிரிச்சுட்டோம். பழைய தோலு, பழைய முடி, பழைய ஓட்டை. நூலு மட்டும் எங்களது. இதோ, இந்த மூலையில ஒரு சாண் பைப்பிங் தொலஞ்சுபோச்சு. அடிப்பக்கத்துல இருந்து எடுத்துப் போட்டோம்."

அவர் மறுபடி கண்ணாடியை வைத்தார். "அடிப்பக்கத் தோலா? நிறம் ஒத்துப்போகுதே. ஏதாவது பூசினீங்களா?"

"இல்ல சார். ஒரே தோலு, அதான். ஒண்ணும் பூசல."

அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவன் சொன்னது எல்லாம் அதில் இருந்தது, எதுவும் பூசவில்லை என்பதும். மேடம் எங்களைத் தனியாக நெல் களத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தப்பு பண்ணீங்க, சரி பண்ணீங்க. அதோட விட்டிருக்கலாமே. நல்லவங்களா இருங்க, வேணாம்னு சொல்லல. அது ஏன் என் செலவுல?"

குமரேசன் தலை குனிந்துதான் நின்றான். "மேடம், வாங்கறவரு நாளைக்கு அத்த வேற கடையில பிரிச்சா எங்க நூலு வெளிய வரும். அப்ப பொய் சொன்னது நீங்கன்னு ஆயிடும். நாங்க கண்ணுலயே பட மாட்டோம்."

"கிளம்புங்க" என்றார் மேடம்.

கூலி கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். மில்லுக்குப் பாய்லர் இல்லாமல் போனால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டேன். அவன் தூங்கிப்போனான். இரண்டு நாள் அசதி. என் தோளில் தலை சாய்ந்திருந்தது. கோபத்தில் தட்டிவிடலாமா என்று நினைத்தேன். தட்டவில்லை. இப்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு மேடம் எங்களைக் கூப்பிடவே இல்லை. வண்டியை விற்றார் என்று மட்டும் காதில் விழுந்தது. குமரேசன் இறந்த அன்று மாலையோடு வந்தார். கூட்டம் குறையும்வரை நின்றிருந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொறச்சுதான் போச்சும்மா. புதுசு வாங்க முடியல, பழைய பாய்லர்தான் வாங்கினேன். ஓடுது" என்றார். எழுந்துகொண்டே, "வாங்கினவரு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. எல்லாம்தான் எழுதியிருந்துதே" என்றார்.

எல்லாம் எழுதியிருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். மெஷின் மேஜையின் டிராயர் மூடவில்லை, ஏதோ தடுத்தது. முழுதாக இழுத்துப் பார்த்தேன். பின்னால் மடங்கிக் கிடந்தது அந்த ஒரு சாண் பைப்பிங். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரித்த அன்றைக்கு, புதுப் பைப்பிங் எவ்வளவு தடிமனில் வாங்குவது என்று பார்க்க, முதலில் அறுத்த துண்டை மாதிரிக்காக நானே டிராயரில் போட்டிருக்கிறேன். எப்போதும் செய்வதுதான். அந்தப் பதற்றத்தில் அடியோடு மறந்துவிட்டது. பஞ்சுக் குவியலைப் புரட்டினோம், பாய் ஆட்கள் மேல் பழி சொன்னேன், அது என் முழங்காலுக்கு மேலேயே இருந்திருக்கிறது.

"கிடைச்சிடுச்சுடா" என்று சொல்லித் திரும்பினேன். வெட்டும் மேஜையில் யாரும் இல்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அவன் இருந்திருந்தா இத்த வெச்சே உன்ன ஒரு வருசம் ஓட்டியிருப்பான்மா" என்றார். பிறகு, "நான் அவனுக்காக ஓதிக்கினுதான் இருக்கேன், ஒரு வெள்ளிக்கெழமயும் விடல" என்றார்.

அந்தப் பட்டையை இனிமேலும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது அந்தக் காருடையது. ஒரு கவரில் போட்டு மேடத்திடம் கொடுக்கிறேன், வாங்கினவரிடம் சேர்த்துவிடச் சொல்லி. கூடவே ஒரு காகிதம். மூலையில் இருக்கும் பட்டையில் அழுக்குத் தேய்த்து நிறம் சேர்த்தது தைத்த சாந்தியாகிய நான், அது குமரேசனுக்குத் தெரியாது, அவன் பொய் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவன் வாயில் ஒரு பொய்யை வைத்தது நான். அவன் உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்திருக்க வேண்டும். இதற்காக யாராவது கோபப்பட்டு வந்தால், கடையில் என்னைத்தான் காட்ட வேண்டும், உங்களில் யாரும் பதில் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கை வேலையில் தப்பு வரும். வந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பிரித்துத் தைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காகப் பேசும்போது, அவருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் நீங்கள் மறைத்து வைத்திருக்காதீர்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு முன் நான் கற்பூரம் ஏற்றுவேன், எதையும் பிரிக்க மாட்டேன். இதைப் படிக்கிற எல்லோரும் அந்த நேரத்தில் உங்கள் உங்கள் சாமியிடம் குமரேசன் பேரைச் சொல்லி, அவன் போன இடத்தில் நிம்மதியாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். பாய் ஓதுவார். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டிக்கொள்ளுங்கள்.